சிவப்பு விழுந்த சொல்

சிவனாண்டியின் புகாரில், சிவக்கக் கூடாத சொல் சிவந்திருந்தது.

ஊர்க்காரர்கள் செல்போனில் அரசுக்கு அனுப்பும் புகார்களைக் கணினி தானே படித்து, குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, இறப்புப் பதிவு என்று பிரித்துப் போடும். எந்தச் சொல்லைப் பார்த்து அப்படிப் பிரித்தது என்று சோதிப்பதுதான் பழங்காநத்தத்து மாடிவீட்டில் இருந்தபடி கனகலட்சுமி பார்க்கும் வேலை. அந்தச் சொல்லைச் சிவப்பாக்கிக் காட்ட ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். 'மூணு நாளா குழாயில தண்ணி வரல. வீட்லதான் இருப்பேன், வந்து பாருங்க' என்று திருவாதவூரிலிருந்து எழுதியிருந்தார் சிவனாண்டி. 'தண்ணி' வெளுத்துக் கிடந்தது. 'இருப்பேன்' மட்டும் ரத்தமாய்ச் சிவந்திருந்தது. பிரிவு: இறப்புப் பதிவு.

நேற்று மாலை அவரையே கூப்பிட்டுப் பேசினாள். கணீரென்று பேசினார். மனசு கேட்காமல் இன்று மத்தியானம் மறுபடி கூப்பிட்டபோது மகன் எடுத்தான்.

"அப்பா விடியக்காலம் தவறிட்டாருக்கா."

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் வழியே புழுதி வாசமும் கீழே வடைக்கடையில் எண்ணெய் காயும் வாசமும் ஏறி வர, கரண்ட் போய் மின்விசிறி நிற்க, மடிக்கணினிக்குள் சுழலும் சின்ன விசிறியின் இரைச்சல் மட்டும் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்போதுதான் கணவன் சூரியபிரகாஷின் செய்தி வந்தது. உசிலம்பட்டியிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தான்.

'செக்கானூரணில டீ குடிச்சேன். ஆறு மணிக்குள்ள வாரேன்.'

வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தபடியே அதைக் கருவியில் போட்டாள்.

'வாரேன்' சிவந்தது. இறப்புப் பதிவு.

அதை அழித்தாள். சிவப்பு 'மணிக்குள்ள' மேல் நகர்ந்தது. அதையும் அழித்தாள். 'குடிச்சேன்' சிவந்தது. வருவேன், வந்துருவேன், வரமாட்டேன் என்று எப்படியெல்லாமோ மாற்றி எழுதிப் பார்த்தாள். எல்லாம் இறப்புப் பதிவு. செல்போனை எடுத்தாள்.

"ஏங்க, வண்டிய ஓரமா நிப்பாட்டுங்க!"

"நிப்பாட்டிட்டேன். இன்னும் செக்கானூரணி தாண்டல. எதுக்கு இம்புட்டுப் பதறுற?"

அவன் சொன்னதை அப்படியே தட்டினாள். 'நிப்பாட்டிட்டேன்' சிவந்தது.

"வேணாம், அங்க நிக்காதீங்க. கிளம்புங்க!"

"என்ன கனகு ஆச்சு உனக்கு? சரி, கிளம்புறேன்."

'கிளம்புறேன்' சிவந்தது.

"வேற ஏதாச்சும் சொல்லுங்க. எதையாச்சும் சொல்லுங்களேன்!" அழுதுவிட்டாள்.

"என்னத்தச் சொல்ல..."

பேச்சு நின்றது.

மோதிய சத்தம் இல்லை. அலறல் இல்லை. ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் மட்டும். அங்கே பெய்யும் மழை.

"ஏங்க?"

இன்ஜின்.

கையில் செல்போன் அதிர்ந்தது. அவன் எண்ணிலிருந்து செய்தி. 'வந்துட்டேன்.'

அதைக் கருவியில் போட்டாள். ஒரு எழுத்துகூடச் சிவக்கவில்லை.

மாடிப்படியில் ஈரக்கால் சத்தம். ஒவ்வொரு படியாக. வாசலில் நின்றது.

"கனகு."

அவன் குரல்தான்.

காதோரம், செக்கானூரணியில், இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.