இடக்கை முடிச்சு

மாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் விழும் இடத்துக்குச் சற்று மேலே, மூதூர்ப் பக்கத்துத் தூண்டில் விடுதியில் அந்த மார்கழிப் பின்னேரம் இருந்தவர்கள் நான்கே பேர்: விடுதிக்காரர் இராசதுரை, மனைவி புஷ்பவதி, மகள் கஜந்தி, கொழும்பிலிருந்து வந்த விருந்தாளி இராகுலன். ஐந்தாமவர் ஒருவரும் விடுதிக்குள் இல்லை.

இராகுலன் இழுத்த கொடுவா மீனின் வாயில் ஏற்கெனவே வேறொரு தூண்டில் முள் இருந்தது.

"ஐயா, இதை ஆரோ முதலே பிடிச்சிருக்கினம்."

"பிடிச்சுப் பிடிச்சு விடுறீங்கள். மீனுக்கே அலுத்திருக்கும்," என்று சிரித்தாள் கஜந்தி. பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விட வேண்டும் என்பது இராசதுரை போட்ட சட்டம்.

அவர் முள்ளைக் கழற்றிப் பார்த்தார். கோழி இறகு. சிவப்பு நூல். முடிச்சின் வால் இடப்பக்கம் திரும்பியிருந்தது. இடக்கைக்காரன் கட்டியது. அந்த இடக்கைக்கு அவர் எத்தனை தரம் பிரம்பால் அடித்திருப்பார். நூலின் சாயம் இன்னும் காயாமல் அவர் பெருவிரலில் ஒட்டியது.

"வடிவாக் கட்டியிருக்கு. ஆர் கட்டினது?" என்றான் இராகுலன்.

"மூத்தவன்," என்றாள் புஷ்பவதி.

"துவாரகன் பிரான்சில் இருக்கிறான்," என்றார் இராசதுரை.

ஆனி மாதம் விருந்தாளிகள் முன்னால் அவர் மகனைக் கன்னத்தில் அறைந்த அன்று பொழுதுபட, துவாரகன் தோணியில் போனான். விடியத் தோணி மட்டும் வந்தது. தேடச் சொன்னால் ஊர் காரணம் கேட்கும். மகன் பிரான்சுக்குப் போனதாகச் சொல்லிவிட்டு அவர் தோணியை உடைத்து விறகாக்கினார். அந்த விறகில்தான் ஒரு கிழமை சோறு வெந்தது.

முள்ளை ஆற்றில் எறிந்தார். "பிடிச்சதை விடுறதுதானே சட்டம்."

"பிள்ளையையும் அப்பிடித்தானே விட்டனீங்கள்," என்றாள் புஷ்பவதி, தாழ்ந்த குரலில். "ஒரு பிடி எள்ளுத் தண்ணி இறைச்சனீங்களே?"

"உயிரோட இருக்கிறவனுக்கு ஆரும் எள்ளுத் தண்ணி இறைக்கிறதே? விருந்தாளி நிக்கிறார். வாயை மூடு."

விரலைக் கழுவ அவர் துறைக்குத் தனியே இறங்கினார். மழை விட்டிருந்தது, கண்டல் சேற்றின் புளித்த வாடை காற்றில்லாமல் நின்றது, அதுவரை விடாமல் கத்திய தவளைகள் அவர் கடைசிப் படியில் கால் வைத்ததும், யாரோ கையமர்த்தியதுபோல, ஒருமிக்க ஓய்ந்தன. குனிந்து கையை நனைத்தார். சாயம் போகவில்லை. மண்ணால் தேய்த்தார். தண்ணீர் கணுக்கையைச் சுற்றி மெல்ல ஊர்ந்தது, ஒரு தரம், இரண்டு தரம், மூன்றாவது தரம் இறுகியது.

கையை எடுத்தார்.

சிவப்பு நூல். மூன்று சுற்று. வால் இடப்பக்கம்.

நூலின் மற்ற முனையில் தங்கூசி, தூண்டிலின் நைலோன் நரம்பு. அது ஆற்றுக்குள் போனது. தளர்ந்துதான் கிடந்தது. பிறகு நிமிர்ந்தது. மெல்ல ஒரு சுண்டு. மீன் பலம் பார்க்க துவாரகன் சுண்டும் அதே சுண்டு.

மடியில் கத்தி இருந்தது. வெட்டினார். நூல் அறவில்லை. முழங்கால் வரை தண்ணீர். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் விடுவானோ? தம்பி என்று ஒரு சொல். மேலே இராகுலனின் சிரிப்புக் கேட்டது. விருந்தாளிக்குக் கேட்டுவிடும். ஊருக்குத் தெரிந்துவிடும்.

இடுப்பு வரை.

அவர் வாயைத் திறக்கவில்லை.

புஷ்பவதி விளக்கோடு வந்தபோது கடைசிப் படியில் கத்தி மட்டும் கிடந்தது. துறைத் தூணில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. அதிலிருந்து தங்கூசி ஆற்றுக்குள் விறைத்து நின்றது. பாரம் இருந்தது. அவள் கை வைத்தபோது அந்தப் பக்கமிருந்து இரண்டு பேர் சுண்டினார்கள், ஒருவர் பின் ஒருவராக.

இராசதுரையை முதலை கொண்டுபோனது என்று மூதூர்ச் சந்தையில் கதைக்கிறார்கள். அது பிழை. முதலைக்கு முடிச்சுப் போடத் தெரியாது.