துருவக் கப்பலும் ஒன்பதாம் பக்கமும்

“பையன் மோசக்காரன் சார். அதை நீங்க நிரூபிச்சுக் குடுக்கணும்” என்றபடியே நாற்காலியில் உட்கார்ந்தார் பேராசிரியர் ஐரின்.

மயிலாப்பூர் அய்யாதுரை ஆவணங்களைச் சோதித்தே தலை நரைத்த துப்பறிவாளர். அவருடைய உதவியாளர் சிம்ராவுக்கு நாற்பது வயது. குற்றவாளியை முதல் நிமிடத்திலேயே பிடித்துவிடுவார். பெரும்பாலும் தவறான ஆளை.

விஷயம் இதுதான். பல நாடுகள் பகிர்ந்துகொள்ளும் பனியுடைப்புக் கப்பலில் துருவத்துக்குப் போக நம்மவர்களுக்கு நான்கே இடம். ஆய்வுத் திட்டங்களைப் படித்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு ஐரின்தான் தலைவர். சஃப்வான் என்பவரின் திட்டத்துக்கு, ‘கருவி கடுங்குளிரில் சோதிக்கப்படவில்லை’ என்று எழுதி, பத்துக்கு இரண்டு போட்டார். சோதனை அறிக்கை ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறதே என்று சஃப்வான் முறையிட்டார். ஐரின் தன் பிரதியைப் புரட்டினால், இருந்தது!

“நான் படிச்சப்போ இல்ல சார். மூணு வாரமா சாந்தோம்ல என் மேஜை மேலதான் கிடந்துச்சு. நேத்து ஒருநாள் குழு ஆபீஸ்ல வச்சேன். அங்கதான் சொருகியிருக்கான். அவன் காலேஜுக்கும் எழுதிட்டேன். இன்னிக்கு அஞ்சு மணிக்குப் பட்டியல் போயிடும்.”

“ஆபீஸ் ப்யூனைக் கைக்குள்ள போட்டிருப்பான் சார்!” என்றார் சிம்ரா.

அய்யாதுரை லென்ஸை எடுத்தார். “நீங்க எப்படிப் படிப்பீங்க மேடம்?”

“ஃபேன் காத்துல தாள் பறக்கும். அதனால படிக்காத பக்கத்தையெல்லாம் சேர்த்து ஒரு கிளிப் போட்டுடுவேன். படிக்கப் படிக்க கிளிப்பை மாத்திக்கிட்டே போவேன். முப்பது வருஷப் பழக்கம்” என்றார் ஐரின், சற்றுப் பெருமையாகவே.

அய்யாதுரை ஒவ்வொரு தாளாகப் பார்த்து முடித்தார்.

“ஸ்டேப்ளர் பின் துருப்பிடிச்சுத் தாளோட ஒட்டியிருக்கு. ஒன்பதாம் பக்கத்து ஓட்டையிலயும் அதே துரு. ஒரே நாள்ல இப்படிப் பிடிக்காது. அந்தப் பக்கம் முதல்லேர்ந்தே இருக்கு மேடம்.”

“அப்போ என் கண்ணுல ஏன் படல?”

அய்யாதுரை ஐந்தாம் பக்கத்தின் உச்சியைக் காட்டினார். கிளிப் வடிவில் பழுப்புத் தடம். “கடைசிப் பக்கத்துக்குப் பின்னாலயும் இதே தடம். நடுவுல எந்தப் பக்கத்துலயும் இல்ல. கிளிப் ஒரே இடத்துல வாரக்கணக்கா இருந்தாத்தான் சாந்தோம் கடலோர உப்புக்காத்துல இப்படித் துருப்பிடிச்சுப் பதியும். நீங்க நாலாம் பக்கத்தோட நிறுத்திட்டீங்க.”

சிம்ரா ஆவலோடு நாலாம் பக்கத்தின் கடைசி வரியைப் படித்தார். “‘இக்கருவி ஈக்காட்டுத்தாங்கலில் என் தந்தையின் லேத் பட்டறையில் செய்யப்பட்டது.’” படித்து முடிக்கையில் குரல் இறங்கிவிட்டது.

ஐரினை வெட்கம் பிடுங்கித் தின்றது, தலை நிமிரவில்லை.

“லேத் பட்டறைன்னு பாத்ததும்… இதைப் போய் துருவத்துக்கான்னு தோணிச்சு. மீதியையும் படிச்சதா நானே நம்பிட்டேன்.”

சஃப்வானுக்குப் போன் போட்டார்.

“மேடம், சத்தியமா அந்தப் பக்கத்த நான் சொருகல” என்றார் சஃப்வான், இவர் வாய் திறக்கும் முன்பே. “பட்டறைப் பேரைப் போட்டதாலதான் இவ்ளோ வம்புன்னு வாப்பா அழுவுறாரு. அந்த வரிய எடுத்துடச் சொல்றாரு. எடுத்துடட்டுமா மேடம்?”

“வேணாம்ப்பா. தப்பு என்னுது. அஞ்சு மணிக்குள்ள என் மார்க்கை வாபஸ் வாங்கறேன். காலேஜுக்கும் எழுதறேன். போனை… வாப்பாகிட்ட குடு.”

“சொல்லுங்கம்மா” என்றது ஒரு முதிய குரல். “இன்னா தப்பு இருந்தாலும் மன்னிச்சுக்கங்கம்மா. படிக்காத ஆளு நான்.”

“நானும் படிக்கலைங்க” என்றார் ஐரின்.