இரண்டு ஃபைல், பத்து வரி

பல்லாவரம் ஸ்டேஷன் வாசலில் மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அவசரமாக ஷேர் ஆட்டோவில் ஏறிய டெபோராவின் கையிலிருந்து பிரிண்ட்அவுட் தாள்கள் நழுவி, எதிரே இருந்தவன் மடியில் போய் விழுந்தன.

எடுத்துக் கொடுத்தானா? இல்லை... உட்கார்ந்து படித்தான்!

"ஹலோ, அது ஆபீஸ் ப்ரோக்ராம் கோடுங்க. குடுங்க."

"அட, நம்ம கம்பைலர்! பம்ப் கண்ட்ரோலருக்கா எழுதறீங்க?" நிமிர்ந்தான். நனைந்த இமைகளுக்குக் கீழே சிரிக்கிற கண்கள்... அவளுக்கு ஒரு நொடி கோபமே மறந்துபோனது. "நான் ஜெர்சன். இந்த கம்பைலரை எழுதினதே எங்க டீம்தான்."

தன் கோடை மெஷின் மொழிக்கு மாற்றுகிற அந்த கம்பைலரால் இரண்டு வாரமாகத் தன் உயிரை வாங்குகிறவன் இவன்தானா! மறந்த கோபம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது.

"உங்க கம்பைலர் தப்புங்க. ஒரு ஃபைல்ல தண்ணி மட்டத்தை வைக்கிறேன். இன்னொரு ஃபைல் அதையே பாக்கணும். ஆனா அங்க எப்பவும் பூஜ்யம்! ரெண்டையும் ஒரே ஃபைல்ல போட்டா ஒழுங்கா ஓடுது."

"அது அடுத்த ஃபைல்ல இருக்குன்னு சொல்ற டிக்ளரேஷனை சரியா போட்டிருக்க மாட்டீங்க. கம்பைலரைக் குத்தம் சொல்லாதீங்க மேடம்."

"சனிக்கிழமை ரிவ்யூ. தப்பு என்னுதுன்னு ஆச்சுன்னா வேலையை கன்ஃபர்ம் பண்ண மாட்டாங்க. உங்களுக்கு சிரிப்பா இருக்கா?"

கலங்கிய கண்ணைச் சாரல்மேல் பழிபோட்டுத் துடைத்துக்கொண்டாள். பம்மல் வந்ததும் விருட்டென்று இறங்கினாள். அவன் எட்டி ஒரு விசிட்டிங் கார்டை நீட்டினான்.

"ஏங்க... எட்டாயிரம் வரியை யாரும் படிக்க மாட்டாங்க. சின்னதா ஆக்கி அனுப்புங்க, பாக்கறேன்."

திமிரைப் பார்!

ஆனாலும் செய்தாள். ஒரு பகுதியை நீக்கு, ஓட்டு, தப்பு இன்னும் இருக்கிறதா பார், அடுத்ததை நீக்கு... மூன்று நாள் அதே வேலை. வெள்ளிக்கிழமை மதியம் மிஞ்சியது இரண்டு ஃபைல், மொத்தம் பத்தே வரி. தப்பு அப்படியே இருந்தது! உடனே ஆபீஸ் முகவரியோடு அவனுக்கு மெயில் அனுப்பினாள். பதில் இல்லை.

சனிக்கிழமை. சானடோரியம் ஆபீஸில் மேனேஜர் எலியேசர் உதட்டைப் பிதுக்கினார்.

"பத்து வரியைக் காட்டறே. இது கம்பைலர் தப்புதான்னு யாரும்மா சொல்லணும்?"

"நான் சொல்றேன் சார்."

வாசலில் ஜெர்சன்! தலையெல்லாம் ஈரம், கையில் ஒரு சிடி.

"ஒரு பேரை ஃபங்ஷனுக்கு வெளியேயும் உள்ளேயும் டிக்ளேர் பண்ணினா, அது பக்கத்து ஃபைலோடதுங்கறதை கம்பைலர் மறந்துட்டு, தனியா ஒரு நகல் உண்டாக்கிடுது. அந்தப் பகுதி நான் எழுதினது. ரெண்டு வருஷமா யாருமே கண்டுபிடிக்கல சார்... இவங்க கண்டுபிடிச்சிட்டாங்க."

சிடியில் இருந்த திருத்திய கம்பைலரைப் போட்டார்கள். டெபோராவின் கோடில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. பூஜ்யம் நகர்ந்தது... பத்து, இருபது, முப்பது... மேஜைமேல் இருந்த குட்டி பம்ப் உறுமிக்கொண்டு ஓடியது! அறையே கைதட்டியது. "கன்ஃபர்ம்டும்மா!" என்று எலியேசர் எழுந்தே நின்றுவிட்டார்.

வராண்டாவில் அவள் அவனைப் பிடித்தாள்.

"மெயிலுக்கு ஏங்க பதில் போடல?"

"தப்பு என்னோடதுன்னு டைப் பண்ண கை வரல... கௌரவம். அப்புறம் நீங்க ஆட்டோல கண்ணைத் துடைச்சது ஞாபகம் வந்தது. கௌரவமாவது, மண்ணாவது!" அவள் பக்கம் திரும்பினான். "டெபோரா... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் முகமெல்லாம் சிவந்தது. ஆனாலும் தலைகுனியவில்லை.

"எனக்கு ஆட்டோலயே பிடிச்சுப்போச்சு."

"ஆட்டோலயா? அங்க அந்தத் திட்டு திட்டினீங்களே!"

"உங்க கம்பைலரைத்தாங்க திட்டினேன்... உங்களை இல்ல."