ஹெப்பார் ஆஜர்

ஜீப் கெண்டகல்லு உச்சியில் நின்றபோது பகல் இரண்டு மணிதான். ஆனால் மூடுபனி மலையை முழுசாக விழுங்கிவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. ஆஷாட மாத மழை. ஆறு நாளாக விடவில்லை.

"நாலு மணிக்கு ஹாரன் அடிப்பேன், உடுப்பரே," என்றான் ஓட்டுநர் சேஷப்பா. "அதுக்கு மேல ஓடை பாதையில ஏறிடும். அப்புறம் நீங்க இங்கயே குடித்தனம்தான்."

"நாளைக்கு என் பொண்ணுக்குப் பேர் வைக்கிறாங்க மாராயா. கட்டிப் போட்டாலும் இருக்க மாட்டேன்."

பன்னிரண்டாம் நாள். தீர்த்தஹள்ளியில் மாமனார் வீட்டில் தொட்டில் கட்டியாகிவிட்டது. குழந்தையின் காதில் அப்பன்தான் பெயரைச் சொல்ல வேண்டும். சுதீந்திர உடுப்ப ஒரு பெயரை முடிவு செய்து, மனைவியிடம்கூடச் சொல்லாமல் நாக்குக்கடியில் வைத்திருந்தான்.

உச்சியில் இருந்த தொலைத்தொடர்பு நிலையம் என்பது ஒரே அறை. சுற்றியுள்ள நாற்பது ஊர்களின் போனும் இன்டர்நெட்டும் அதன் வழியாகத்தான். இரண்டு ரவுட்டர்கள், ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி. மேஜைமேல் ஒரு பித்தளைப் பொடி டப்பா. அது வாசுதேவ ஹெப்பாருடையது. போன வருஷம் இந்த நாற்காலியில்தான் அவர் செத்துப்போனார். மழையின் மூன்றாம் நாள் செத்தவரை எட்டாம் நாள்தான் கண்டுபிடித்தார்கள். ஷிமோகா அலுவலகம் அதுவரை அவரைத் தேடவில்லை. தேட என்ன இருக்கிறது? ரவுட்டருக்குள் நுழையும் வாசலான கன்சோலில் பெயர் இருந்தால் ஆள் ஆஜர் என்பது விதி. ஹெப்பாரின் பெயர் இருந்தது. ஐந்து நாளும் ஆஜர்.

அதற்குப் பிறகுதான் மேலிடத்துக்கு ஞானம் வந்தது. இனி மலையில் யாரும் உட்கார வேண்டாம். ஒரு ரவுட்டரின் முதுகிலிருந்து மற்றதன் கன்சோலுக்கு ஒரு கேபிள் போட்டால் போதும். ஒன்று மயங்கி விழுந்தால் இன்னொன்று வழியாக ஷிமோகாவிலிருந்தே தண்ணீர் தெளித்து எழுப்பலாம்.

உடுப்ப கேபிளைச் செருகினான். போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"முடிஞ்சது, மேடம்."

"அதுக்குள்ளயா?" என்றாள் ஷிமோகாவில் இருந்த மேலதிகாரி பிரதிமா. "எனக்குச் சந்தேகமா இருக்கே."

சந்தேகம் நியாயமானது. திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன.

பெயர்?

பெயர்?

பெயர்?

'இந்தக் கேபிளில் நீயாக எதுவும் கேட்காதே' என்று முதல் ரவுட்டருக்கு ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். தொட்டில் ஞாபகத்தில் அதை மறந்திருந்தான். மறந்தால், கல்யாண வீட்டுச் சம்பந்திகள் 'சாப்பிட்டீங்களா' என்று மாறி மாறிக் கேட்பதுபோல இரண்டு ரவுட்டர்களும் ஒன்றையொன்று பெயர் கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் சொல்ல ஆளில்லாததால் அது தானாக நிற்காது.

நின்றது.

பெயர்? ஹெப்பார்

கடவுச்சொல் கேட்டது. நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுகிறவரின் நிதானம்.

"மேடம், ஹெப்பார் வந்திருக்கார்."

"டீ குடுத்தியா?"

"விளையாடல மேடம்."

"அவர் வெளியேறாம விட்ட பழைய செஷன் மாராயா. மனுஷன் போனாலும் நம்ம ஆபீஸ்ல பேர் போகாது. லைனைத் துடைச்சு விடு."

துடைத்தான்.

பெயர்? ஹெப்பார்

மறுபடியும் துடைத்தான். மூன்றாம் முறை 'ஹெப்' வரைக்கும்தான் வந்திருந்தது. அழிக்கும் பொத்தானை அழுத்தி அந்த எழுத்துகளையும் தின்றுவிட்டுச் சிரித்தான்.

அறையில் மூக்குப்பொடி நெடி ஏறியது.

திரையில் ஒரு வரி வந்தது. துடைக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் இருட்டுது.

அதற்குக் கீழே இன்னொன்று. என்னை மாத்திவிட ஆள் வந்தாச்சா?

"மேடம்... அது பேசுது."

"கரகரன்னு கேக்குது, சரியாப் புரியல. உன் பேரைப் போட்டு உள்ள போ. புதுசு ஏறினா பழசு இறங்கிடும். அந்த ஒரு வரியை எழுதிட்டுக் கிளம்பு. மணி மூணே முக்கால்."

ஓடையை நினைத்தான். தொட்டிலை நினைத்தான். பெயரைத் தட்டினான்.

ஹெப்பார் வெளியேறினார்.

சுதீந்திர உடுப்ப ஆஜர்.

நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ எழுந்துகொள்ளும் சத்தம்.

அதில் உட்கார்ந்திருந்தது அவன்தான்.

வெளியே ஹாரன் அடித்தது. எழுந்திருக்கப் பார்த்தான். எழ ஒன்றும் இல்லை. ஜன்னலுக்கு அப்பால் அவனுடைய நீல மழைக்கோட்டு, அவனுடைய பையோடு, அவனுடைய நடையில் ஜீப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஜீப் அருகே நின்று ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சித் தும்மியது.

"எப்பலேருந்து பொடி, உடுப்பரே?"

"இப்பதான்," என்றது அவனுடைய குரல்.

கத்தினான். சத்தம் வரவில்லை. திரையில் எழுத்துகள் மட்டும் வந்தன. நான் இங்க இருக்கேன்.

மேஜையில் போன் இல்லை. பொடி டப்பாவும் இல்லை.

சற்று நேரத்தில் திரை சொன்னது: ஷிமோகா இணைந்தது. கேபிள் அருமையாக வேலை செய்தது. உடுப்ப செய்த வேலை என்றால் சும்மாவா.

மேடம், கீழ போறது நான் இல்ல. அவனை என் குழந்தைகிட்ட விடாதீங்க.

பதில் வந்தது. யாரது? உடுப்ப ஜீப்லேருந்து இப்பதான் பேசினான். நல்ல சந்தோஷமா இருக்கான்.

நான்தான் உடுப்ப.

பிறகு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டே தட்டியதுபோல ஒரு வரி. மலையை விட்டு இறங்கினாலும் பேர் இறங்க மாட்டேங்குது. துடைக்கிறேன்.

இருட்டியது.

குளிரும் மழைச் சத்தமும்கூட இல்லாத இருட்டு.

பெயர்?

தட்டினான். துடைத்தாள். தட்டினான். எத்தனை முறை என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் தன் பெயரைத் தேடிப்பிடிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது. அவனும் ஒற்றை விரலால் தட்டுகிறவன் ஆகியிருந்தான்.

ஒருமுறை வெளிச்சம் வந்தபோது திரையின் மூலையில் மறுநாள் தேதி. பகல் பதினொன்றரை. தீர்த்தஹள்ளியில் இந்நேரம் ஒரு வாய் அந்தச் சின்னக் காதுக்குக் குனிந்திருக்கும். மூக்குப்பொடி வாடைக்குக் குழந்தை முகம் சுளித்திருக்கும். எந்தப் பெயரைச் சொல்லியிருப்பான்?

பெயர்?

இம்முறை தன் பெயரைத் தட்டவில்லை. பத்து நாளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த அந்தப் பெயரை, எழுத்தெழுத்தாக, ஒன்றும் தவறிவிடாமல் தட்டினான்.

ரவுட்டர் கொஞ்சம் யோசித்தது.

அந்தப் பெயரில் யாரும் இல்லை.

பெயர்?