மூன்று தோற்றால் எழுந்திரு!

டிர்ர்ர்ர்ங்...!

மாடி அறையில் மணிச்சத்தம்!

ரோஸ்கோவின் கையிலிருந்த காபி சட்டையில் கொட்டியது.

அது வென்டலின் மணி. முட்டை வேகவைக்கத் திருகி வைக்கிற சமையலறை மணி. ரோஸ்கோவோடு வாடகைக்குக் குடியிருந்து, ஆன்லைன் போக்கர் சீட்டாட்டத்தில் பிழைப்பு நடத்திய வென்டல், மணிக்கொரு தரம் அதைத் திருகி வைப்பான். அடித்ததும் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவான்.

வென்டலைத்தான் போன வாரமே அடக்கம் செய்தாயிற்றே!

அப்படியானால்... திருகியது யார்?

ரோஸ்கோ படியேறினான். பாவி மனசு! கண்ணை மூடினால் அதே குரல்தான்.

'மூணு தோத்தா எழுந்திருடா!'

வென்டலின் சட்டம் அது. ஒரு நாளில் மூன்று தோல்வி. அதோடு கம்ப்யூட்டரை மூடிவிடுவான். மாத இலக்கு எட்டினாலும் சரி, எட்டாவிட்டாலும் சரி, நாலாவதுக்கு உட்காரவே மாட்டான்.

கதவு திறந்திருந்தது. வென்டலின் நாற்காலி மெல்லத் திரும்பியது...

"வாங்க ரோஸ்கோ."

போலீஸ் சார்ஜென்ட் மார்லீன்! பூட்ஸில் வின்னிபெக் பனி இன்னும் கரையவில்லை.

"உயிரே போயிடுச்சு மேடம்! நான் வேற யாரோன்னு..."

"செத்தவங்க மணியைத் திருக மாட்டாங்க, நான்தான் திருகினேன். வீட்டுக்காரம்மா சாவி குடுத்தாங்க. ஒரு சின்ன சந்தேகம். வென்டல் செத்த அன்னிக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு நீங்க ரெண்டு பேரும் கத்தினது பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கு."

"சண்டைதான் மேடம். எனக்கு விளையாடப் பணம் போடறதை நிறுத்தறேன்னான். நான் என் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். அவன் ஒன்பது வரைக்கும் விளையாடினானே! சைட்டிலேயே இருக்கே! அதுக்கப்புறம்தான் நான் கர்லிங் விளையாடற கிளப்புக்குப் போனேன். திரும்பி வந்தா... பேஸ்மென்ட் படிக்குக் கீழே..."

அழுதான். நிஜ அழுகை. தள்ளிவிட்டவனுக்கு மட்டும் அழுகை வராதா என்ன?

"அன்னிக்கு நிறைய தோத்திருக்கார் வென்டல்."

"சண்டைக்கப்புறம் மனசு தடுமாறியிருக்கும் மேடம்."

நல்ல பதில்! ரோஸ்கோவுக்கு மூச்சு வந்தது.

"இருக்கலாம். நானும் வெள்ளிக்கிழமையானா சீட்டு ஆடறவதான். ஆனா அந்தக் கடைசி ஆட்டம் இருக்கே... சுத்த மடத்தனம்! கையில வெறும் ரெண்டு எட்டு. அதை நம்பி மொத்தப் பணத்தையும் தள்ளுவாங்களா? ஏதோ குருட்டு அதிர்ஷ்டம், ஜெயிச்சார். பச்சைக் குழந்தைகூட அப்படி ஆடாது!"

ரோஸ்கோவின் காது சிவந்தது. 'எழுந்திருடா... எழுந்து போயிடுடா...' என்றது குரல்.

அவன் கேட்டால்தானே!

"மடத்தனமா? எட்டில்ல மேடம், ரெண்டு ராணி! ராணியை வச்சுக்கிட்டுப் பணத்தைத் தள்ளாம அடைகாக்கவா சொல்றீங்க?"

மார்லீன் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"ராணிதான்" என்றாள் மார்லீன். "எதிராளி பயந்து விலகிட்டான். அதனால இந்தப் பக்கத்துச் சீட்டைத் திருப்பிக் காட்டவே இல்ல. இந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தவன் மட்டும்தான் அதைப் பார்த்திருக்க முடியும். சைட்காரங்க சொல்லித்தான் எனக்கே தெரியும். நீங்க கதவைச் சாத்திக்கிட்டு உங்க ரூம்லதானே இருந்தீங்க?"

ரோஸ்கோ அப்படியே தரையில் சரிந்தான்.

"அவன் பேர்ல அஞ்சு நிமிஷம்தான் ஆடறதா இருந்தேன்... சண்டைக்கப்புறமும் அவன் உயிரோட இருந்தான்னு காட்டணும், அவ்வளவுதான். தோத்துக்கிட்டே போச்சு மேடம். விட்டதைப் பிடிக்காம எழுந்திருக்க முடியல. அப்பவும் அவன் சொன்னான்... காதுக்குள்ளயே சொன்னான்..."

மார்லீன் விலங்கை எடுத்தாள்.

"வென்டல் எந்த நாளும் மூணுக்கு மேல தோத்ததே இல்லன்னு சைட் கணக்குல இருக்கு. நீங்களும் மூணு ஆட்டம் தோத்ததும் எழுந்திருந்தா எனக்குச் சந்தேகமே வந்திருக்காது. இப்பவாவது எழுந்திருங்க... வண்டி காத்துக்கிட்டிருக்கு!"