விமானத்துக்காக ஒரு பேரம்

பட்டாணியின் அம்மா விமானி. ஆனால் விமானத்தில் ஏற மாட்டார். ஏறவும் முடியாது, அது வகுப்பு பெஞ்சு நீளம்தான் இருக்கும். அம்மா ஏரிக்கரையில் நின்றபடியே அதை மேகத்துக்குள் ஓட்டுவார். மேகத்தின் சூட்டையும் ஈரத்தையும் அளந்துகொண்டு அது திரும்பி வரும்.

அன்று மதிய இடைவேளையில் பட்டாணி அண்ணாந்து பார்த்தாள். அதே விமானம் பள்ளி மைதானத்துக்கு மேலே வந்துகொண்டிருந்தது.

அது ஏன் இங்கே வருகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அம்மாவோடு தொடர்பு அறுந்துபோனால், 'வீடு' என்று பதிந்துவைத்த இடத்துக்கு அது தானாகத் திரும்பும். மூன்று வட்டம் அடிக்கும். பிறகு, கீழே யார் நின்றாலும் இறங்கிவிடும். காலையில் தோழிகளுக்குக் காட்டச் சொல்லிப் பட்டாணி கெஞ்சியதால், அம்மா இதே மைதானத்தில் அதை இயக்கிக் காட்டினார். அப்போது பதிந்த அந்த 'வீட்டை' ஏரிக்கரைக்குப் போனதும் மாற்ற மறந்திருப்பார்.

நடு மைதானத்தில் பெரிய பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் ஒட்டடைக்குச்சி. ஆள் அவ்வளவு உயரம்.

"அண்ணா, எல்லாரும் ஓரமா போங்க. விமானம் இறங்கப் போகுது."

"ஆமா, பின்னாலயே கப்பலும் வரும். போ பாப்பா."

முதல் வட்டம் முடிந்தது.

அழுதால் சிரிப்பார்கள். ஆனால் அந்த ஆட்டத்தில் யாருமே சீந்தாத சரக்கு ஒன்று உண்டு: கோல்கீப்பர் வேலை.

"இப்பவே சுவரோரம் போனீங்கன்னா, ஒரு வாரம் நான் கோல்கீப்பரா நிக்கறேன்."

ஒட்டடைக்குச்சி பந்தைக் காலால் நிறுத்தினான். "ரெண்டு வாரம்."

இரண்டாவது வட்டம்.

"பத்து நாள். வேணாம்னா விடுங்க, நான் கிளம்பறேன்." திரும்பி ஓரடி வைத்தாள்.

"சரி சரி, பத்து நாள். டேய், சுவரோரம் வாங்கடா."

கடைசிப் பையன் சுவரைத் தொடுவதற்கும் விமானம் சர்ரென்று இறங்குவதற்கும் சரியாக இருந்தது. புல்லை உரசிக்கொண்டே போய் கோல் கம்பத்துக்கு முன்னால் நின்றது. ஒட்டடைக்குச்சிக்கு வாய் மூடவில்லை.

சற்று நேரத்தில் அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார். விமானத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. பையன்களைத்தான் ஒவ்வொருவராகப் பார்த்தார். பார்த்து முடித்ததும் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"இல்லம்மா."

"வீட்டை மாத்த மறந்துட்டேன்டி. உயிரே போயிடுச்சு. இவங்களை எப்படி நகர்த்தினே?"

"பத்து நாள் கோல்கீப்பர் வேலைக்கு."

ஒட்டடைக்குச்சி தலையைச் சொறிந்தான். "அதெல்லாம் வேணாம் ஆன்ட்டி. அவ நிக்க வேணாம்."

"பேசினது பேசினதுதான்" என்று பட்டாணி கோலுக்கு நடுவே போய் நின்றாள். "விமானத்தை நகர்த்தும்மா. ஆட்டம் ஆரம்பிக்கணும்."