பத்து ஐம்பதுக்கு எடுத்த படம்

போனை மேசைமேல் வைத்துவிட்டு லிஃப்ட் மெக்கானிக் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னது அவர் காதில் விழவில்லை.

"புது போன்ம்மா. ரெண்டு மாசம்கூட ஆகல. எடுத்த படமெல்லாம் மணலை அள்ளி இறைச்ச மாதிரி பொறிப்பொறியா இருக்கு. என் சம்சாரம் போய் மூணு வாரமாச்சு. அவளை எடுக்கத்தான் இதை வாங்கினேன். மலிவா கிடைக்குதேன்னு வாங்கித் தொலைச்சேன். பிரேம் போட மக ஒரு நல்ல படம் கேக்கறா, ஒண்ணுகூடத் தேறல. அவ கடைசி முகத்தை நானே கெடுத்துட்டேன்."

ரிப்பேர் கடைக்கார அம்மா போனைத் தொடவில்லை. முதலில் அவர் முகத்தைத்தான் பார்த்தார். உடன் வேலை பார்க்கும் கொழுந்தனுக்கு அந்தப் பொறுமை ஏது? நாற்பதைத் தாண்டியும் காலில் சக்கரம் கட்டிய மனிதர். பூதக்கண்ணாடியோடு பாய்ந்தார்.

"அண்ணி, கண்டுபிடிச்சுட்டேன்! லென்ஸ் மேல ஒட்டின பிளாஸ்டிக்கை உரிக்கவே இல்ல!"

"உரிச்சாச்சு தம்பி. நீங்க இப்ப நகத்தால நோண்டுறது லென்ஸோட கண்ணாடி."

"அப்ப எண்ணெய்ப் பிசுக்கு!"

"பிசுக்குன்னா படம் பனி மூடின மாதிரி மங்கும். இது பொறி."

"அப்ப போலிச் சரக்கேதான்!"

மெக்கானிக்கின் முகம் இன்னும் தொங்கிப்போயிற்று. அண்ணி பார்த்த பார்வையில் கொழுந்தன் ஸ்டூலில் அடங்கினார்.

அம்மா போனை எடுத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். நாற்பத்து மூன்று படங்கள். பெரும்பாலானவற்றில் ஒரே கட்டில், தலையணையில் சாய்ந்த ஒரே பெண். பக்கத்து ஜன்னலுக்கு மேலே சுவர்க்கடிகாரம். ஒரு படத்தில் மணி பத்து நாற்பது, இன்னொன்றில் பன்னிரண்டு.

"எல்லாம் பட்டப்பகல். ரூம் எப்படிய்யா இருக்கும்?"

"கட்டிலை ஒட்டி ஜன்னல். எதிர்ல என் நாற்காலி. அதுக்குப் பின்னால கண்ணாடி வச்ச அலமாரி. அவ்வளவுதான்."

"ஜன்னல் ஓரமா வரிசையா ஏதோ தெரியுதே?"

"துணி மாட்டுற கிளிப், பன்னிரண்டு. வெளிச்சம் பட்டா அவளுக்குத் தலை பிளந்துடும். கனமான போர்வையா பார்த்து நான்தான் மாட்டினேன். ஒரு பொட்டு வெளிச்சம் உள்ள வராது." குரலில் தொழில்காரரின் பெருமை ஒரு கணம் தலைகாட்டிப் போனது.

அம்மாவின் விரல் ஒரு படத்தில் நின்றது. நாற்காலியில் மெக்கானிக். தலை பின்னால் சாய்ந்து, வாய் பிளந்து. முகத்து ரோமத்தைக்கூட எண்ணலாம், அவ்வளவு துல்லியம்.

"அது மக எடுத்த கிண்டல். சகிக்காம சட்டுன்னு தள்ளிட்டேன். நான் தூங்கலம்மா, கண்ணை மூடி யோசிச்சிட்டிருந்தேன்."

"வாயைத் திறந்துகிட்டா?" என்றார் கொழுந்தன்.

"என் சம்சாரமும் இதையேதான் கேப்பா. குறட்டைக்கு அத்தாட்சி கொண்டா பார்க்கலாம்னு இருபத்தெட்டு வருஷமா நானும் சவால் விட்டுட்டிருந்தேன்."

அம்மா போனைக் கீழே வைத்தார். "லிஃப்ட் ஓடலன்னு கூப்பிட்டா முதல்ல எதைய்யா பார்ப்பீங்க?"

"கதவை. பாதி கேஸ் கதவு சரியா மூடாததுதான். பழி மட்டும் மிஷின் மேல."

"இங்கயும் அதே கதைதான். அதே போன், அதே ரூம், ஆனா இந்தப் படம் பளிச்சுன்னு இருக்கு. அப்ப கேமராவுல கோளாறே இல்ல. வெளிச்சம் போதலன்னா இருக்கிற துளியை போன் பெருக்கிக் காட்டும். அப்ப வர்றதுதான் இந்தப் பொறி. விலை கூடின போனும் அந்த இருட்டுல திணறித்தான் இருக்கும். நீங்க எதையும் கெடுக்கலைய்யா. அவங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னு இருட்டாக்கி வச்சீங்க. அதுதான் படத்துல விழுந்திருக்கு."

மெக்கானிக் இப்போதுதான் உட்கார்ந்தார்.

"இந்த ஒரு படத்துக்கு மட்டும் வெளிச்சம் ஏது அண்ணி?"

"இப்பத்தான் உருப்படியா கேட்டீங்க தம்பி. ஐயா, உங்க மக எப்ப வீட்டுக்கு வருவா?"

"வேலை முடிஞ்சு, ஆறு மணிக்கு மேல."

"இந்தப் படத்துக்கு போன் குறிச்சிருக்கிற நேரத்தைப் பாருங்க. செவ்வாய்க்கிழமை காலை பத்து ஐம்பது. உங்க மடியில வெயில். படம் தலையணை உயரத்துலேருந்து எடுத்தது. கீழ் ஓரத்துல பாருங்க, மெத்தை மேல மூணு கிளிப் கிடக்கு. எழுந்து நிக்க முடியாதவங்க, கைக்கு எட்டினதை மட்டும் கழட்டியிருக்காங்க."

"வெளிச்சம் பட்டா அவளுக்கு வலிக்குமே..."

"தெரிஞ்சேதான் திறந்திருக்காங்க. அத்தாட்சி கேட்டீங்கல்ல?"

சொல்லிக்கொண்டே அம்மா, படத்தில் மெக்கானிக்கின் தோளுக்கு மேலிருந்த இடத்தை விரல்களால் விரித்தார். அலமாரிக் கண்ணாடி பெரிதானது. அதில் அவள். போனை நெஞ்சோடு பிடித்து, வெளிச்சத்துக்கு ஒரு கண்ணை இறுக்கி, சிரிப்பு வெடித்து அவர் விழித்துவிடாதபடி உதட்டைக் கடித்துக்கொண்டு. முகத்தில் ஒரு பொறி இல்லை.

மெக்கானிக் வெகுநேரம் பார்த்தார்.

"தூங்கித்தான் இருக்கேன்," என்றார் கடைசியில், கண்ணாடிக்குள் இருந்தவளிடம். "ஒத்துக்கறேன்."

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

கொழுந்தன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை வாங்கினார். "கண்ணாடியில தெரியுற முகத்தை மட்டும் வெட்டித் தரட்டுமாய்யா? பிரேமுக்கு?"

"வெட்டாதீங்க," என்றார் மெக்கானிக். "முழுசா போடுங்க. என் வாயும் இருக்கட்டும். அவ ஜெயிச்ச படம்."